கையால் கொடுத்த வெற்றிலை

என் வயதுக்காரர்களில் வெற்றிலை போடாதவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். கல்யாண வீட்டில் தட்டை நீட்டினால் தள்ளிவிடுவேன். "பல்லு இல்லியா தாத்தா, இடிச்சித் தரட்டுமா?" என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள். பல்லெல்லாம் இருக்கிறது. கோபம்தான் காரணம். அந்தக் கோபத்துக்கு என் மகனின் வயது. ஓசூர்ப் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து கம்பெனி வேலைக்குப் போய் இப்போது ஓய்வு பெற்றுவிட்டானே, அவன்தான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த சங்கதி இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு வேறு எங்காவது போய்விட்டால் "மாமா, வெத்தலைக்கு வாங்க" என்று இழுக்கிறாள். வருகிறேன். அவசரப்படுத்தினால் எனக்கு ஒன்றும் வராது.

எங்கள் ஊர் சூளகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில். அப்போது ஓசூர்ப் பக்கம் கம்பெனி என்ற பேச்சே கிடையாது. ஜில்லா சேலம். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் போகவேண்டும். எங்களில் யாரும் எந்தக் கலெக்டரையும் பார்த்ததில்லை. செம்மண் பூமி, வானம் பார்த்த விவசாயம். கேழ்வரகு விதைத்து, நடுநடுவே அவரை ஊன்றுவார்கள். மார்கழியில் அவரைக்காய் பறித்த கையில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். அந்த வாசனை களி தின்னும்போதும் போகாது, தூங்கும்போதும் போகாது. இந்தக் காலத்து அவரைக்காயில் அது இல்லை.

வெற்றிலைக்கு வருகிறேன்.

ஊர் நிலத்தில் பெரும்பங்கு ஒரே வீட்டுக்குச் சொந்தம். பெரிய வீடு என்போம். அந்த வீட்டுக்காரரை "ஆண்டே" என்று கூப்பிட வேண்டும். அவருக்கு வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மாட்டை எண்ணும்போது கன்னடத்தில் எண்ணுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. என் கோபமே அதுதான். அடித்திருந்தால் எங்கள் தெருவுக்கு எப்போதோ புரிந்திருக்கும்.

அறுப்புக்கு ஆள் கூப்பிட ஒரு வழக்கம் உண்டு. பெரிய வீட்டுக் காரியஸ்தர் ஒரு முறத்தில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனைப் புளியமரத்தடிக்கு வருவார். வீட்டுக்குப் பெரிய ஆம்பிளை போய்த் துண்டை விரித்துக் குனிந்து நிற்க வேண்டும். காரியஸ்தர் மேலேயிருந்து போடுவார். கை படக்கூடாது. விழுந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டால் அந்த வீடு மொத்தமும் களத்துவேலை முடியும்வரை அவருக்குக் கட்டுப்பட்டது. வெற்றிலை வாங்கிவிட்டு ஒருவன் பெங்களூருக்குக் கல்வேலைக்கு ஓடிவிட்டான் என்று வையுங்கள். அவன் வீட்டுக்கு நெருப்புக் கொடுக்காதே, தண்ணீர் கொடுக்காதே என்று தள்ளிவைத்தது யார்? ஆண்டையா? இல்லை. நாங்கள். எங்கள் தெருப் பெரியவர்கள். அதில் முதல் ஆள் என் அப்பா. வாக்குத் தவறாத தெரு என்று எங்களுக்குப் பேர். அந்தப் பேரில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

ஆண்கள் வெற்றிலை வாங்கினால் பெண்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்து வரும். விடியுமுன் பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி வாரிப் போட்டுவிட்டு வந்துதான் அறுப்புக்குப் போகவேண்டும். அதற்குக் கூலி கிடையாது. பிள்ளை பெற்றவளானாலும் போகவேண்டும். எங்கள் முதல் பிள்ளையை என் வீட்டுக்காரி அந்தக் கொட்டகையில் ஒரு சாக்கின்மேல் கிடத்திவிட்டுத்தான் சாணி வாரினாள். மார்கழிக் குளிர், ஈரத் தரை. பிள்ளைக்கு மாரில் சளி கட்டியது. போய்விட்டது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்த பிள்ளை பிறந்தபோது அறுப்புக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னிடம் சொன்னாள்: "இத எடுத்துகினு நா அந்தக் கொட்டாய்க்குப் போகமாட்டேன். வூட்ல வுட்டுட்டும் போகமாட்டேன். நீ என்னா பண்ணுவியோ பண்ணு."

நான் என்ன பண்ண முடியும்? அந்தச் சமயத்தில்தான் தோழர் வந்தார்.

சேலத்துப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது, மெஷின் எடுத்துக்கொண்டது. ரோட்டுக்குச் சல்லி உடைக்க வந்த கூட்டத்தோடு வந்து, எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டார். எங்கள் சட்டியில் களி தின்ற முதல் வெளியாள் அவர்தான். தின்றார் என்று சொல்லக்கூடாது, மென்றார். களியை மென்றால் வாய்க்குள் அப்பிக்கொண்டு படாதபாடு படுத்தும். என் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தோழரே, மெல்லாதீங்க, முழுங்குங்க! உள்ள போனா அது வழிய அதுவே பாத்துக்கும்."

"எப்படீங்க மெல்லாம முழுங்கறது?"

"பொறந்ததுலேந்து நாங்க முழுங்கிகினுதான இருக்கறோம்."

சங்கம் பற்றி அவர் பேசியதெல்லாம் இந்த மாதிரிப் பேச்சுக்கு நடுவில்தான். மேடை கிடையாது, கொடி கிடையாது. கூலியை உயர்த்திக் கேட்கலாம் என்றுதான் முதலில் சொன்னார். நான் எழுந்து, கொட்டகை வேலையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்றேன். அது என் வாயில் வந்த அவள் பேச்சு. தோழர் சரி என்றார். பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"போலீசு வருமா தோழரே?" என்று ஒருவன் கேட்டான்.

"வராதுங்க. உங்க ஆண்டே சொல்றது நியாயம்னு நீங்க நம்பறத விட்டாத்தான் போலீசு வரும். இப்ப நம்பிகிட்டுத்தானே இருக்கீங்க? வெத்தல வாங்கிட்டு வேலைக்குப் போகாதவன யாரு தள்ளி வெக்கறது, அவரா?"

"நாங்கதான்" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

"அதத்தானுங்க சொல்றேன்."

"எத?"

தோழர் சிரித்துவிட்டார். "மூடுன கைக்குக்கூடப் பயப்படாதீங்க அண்ணே. தொறந்த கைக்குப் பயப்படுங்க" என்றார்.

"அந்தாளு கையத் தொறந்து நா பாத்ததே இல்ல. பாத்தா மொதல்ல உங்களுக்கு வந்து சொல்றேன்" என்றார் அப்பா. தெருவே சிரித்தது.

பல வருஷம் கழித்து ஓசூரில் ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். படித்த பையன் ஒருவன் "மேலாதிக்கம்" என்று ஒரு வார்த்தை சொன்னான். ஆளுகிறவனுடைய நியாயத்தை ஆளப்படுகிறவன் தன் நியாயமாக நினைத்துத் தலையில் சுமப்பது என்று விளக்கினான். தடியால் ஆளுவது கொஞ்சம், சம்மதத்தால் ஆளுவதுதான் அதிகம் என்றான். சரியாகத்தான் சொன்னான். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதே வெற்றிலை வாசனை வந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து எல்லா வீட்டுக்காரரும் சத்தியம் செய்தார்கள். முறத்து வெற்றிலையை யாரும் வாங்குவதில்லை. முதலில் கற்பூரத்தை அணைத்தவர் என் அப்பா. அதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளைத் தள்ளிவைக்கிற மனிதர், ஊரோடு நிற்கிறாரே என்று.

முறம் வந்தது. காரியஸ்தர் புளியமரத்தடியில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஒரு துண்டும் விரியவில்லை. கடைசியில் முறத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். மறுநாள் விடியலில் பெண்களும் கொட்டகைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரி அடுப்பு முன்னால் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேழ்வரகு முற்றித் தலை சாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் ஆண்டை பேச வருவார் என்று தோழர் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஆண்டையின் தாய் செத்துப்போனார்.

போவதா வேண்டாமா என்று தெருவில் தகராறு. சாவுக்குப் பறை அடிப்பது, குழி வெட்டுவது, உறவுக்காரர் ஊர்களுக்குச் சேதி சொல்வது எல்லாம் எங்கள் தலையில்தான். அதுவும் கூலியில்லாத வேலைதானே, போகவேண்டாம் என்றோம் நாங்கள் சில இளவட்டங்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அந்த அம்மா அவருக்குப் பழங்கூழ் ஊற்றியிருக்கிறாராம். தோழர்தான் போங்கள் என்றார். "சாவுல போயி வழக்குப் பேசக்கூடாதுங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் உங்களத்தான் திட்டும்." அது சரியான பேச்சுதான், இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். போனோம். நான் கன்னடத்து எல்லை தாண்டி ஆனேக்கல் வரை நடந்து சேதி சொல்லிவிட்டு வந்தேன். அழப்போன எங்கள் பெண்கள்கூடக் கொட்டகைக்குள் மட்டும் காலை வைக்கவில்லை.

தீட்டு வீட்டில் அறுப்பு கிடையாது. ஆகவே கருமாதிவரை இரண்டு பக்கமும் சும்மா இருந்தது. தோழர் சங்கக் காரியமாகச் சேலம் போனார். போகும்போதும் "முறம் வந்தா வாங்காதீங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் முறத்துக்குத்தான் காவல் இருந்தோம்.

கருமாதியன்று பெரிய வீட்டில் சாப்பாடு. எங்களுக்குக் கொட்டகைக்குப் பின்னால் தரையில் இலை போடுவார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்தோம். பெண்கள் அந்தப் பக்கம் மாட்டுத்தொட்டியோரம் எங்கள் தெரு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆண்டை வந்தார். மொட்டையடித்த தலை, கையில் பித்தளைத் தட்டு, தட்டு நிறைய வெற்றிலை. அந்த மனிதர் கொட்டகைக்குப் பின்னால் வந்து யாரும் பார்த்ததில்லை. நேராக என் அப்பாவிடம் போனார். அப்பா பதறித் துண்டை விரித்துக் குனிந்தார்.

"துண்டு வேணாம். கைய நீட்டு" என்றார் ஆண்டை.

"ஆண்டே..."

"எங்கம்மாவுக்குக் குழி வெட்டுன கை. நீட்டுப்பா."

அப்பா இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். ஆண்டை வெற்றிலையை வைத்து, தன் விரலால் அப்பாவின் உள்ளங்கையை அழுத்தி மூடினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரராக வரிசையில் போனார்கள். ஒவ்வொருவர் கையையும் அவர் தொட்டார். ஒருவர் கேவிக் கேவி அழுதார். முறத்தை மறுத்த அத்தனை பேரும் வாங்கினார்கள். அது சாவு வீட்டு வெற்றிலை, வயிறு நிறைந்தபின் போடுகிற வெற்றிலை. சத்தியம் முறத்துக்குத்தானே?

பொழுது சாயக் காரியஸ்தர் தெருவுக்கு வந்தார். கையில் முறம் இல்லை.

"விடிஞ்சா மேட்டுக்கொல்லையில அறுப்பு. எல்லாரும் வந்துருங்க. வெத்தல வாங்கியாச்சில்ல?"

"அது கருமாதி வெத்தல" என்றேன் நான்.

"கருமாதிக்கு ஆருடா கையில வெத்தல குடுப்பாங்க? தட்டுல வெப்பாங்க, வேணுங்கறவன் எடுத்துக்குவான். ஆளுக்கு ஆளு குடுத்தா அது வேலை வெத்தல. இது எங்க வழக்கமா? உங்க வழக்கம்தான? உங்க நைனாவக் கேளு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஏமாற்று வேலை என்று சொல்லியிருக்கலாம். போய்யா என்று சொல்லியிருக்கலாம். அவர் தரையைப் பார்த்தபடி, "வாங்கியாச்சி" என்றார். முடிந்தது. போலீஸ் வரவில்லை, தடி வரவில்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை.

நான் வீட்டுக்குள் போய்க் கத்தினேன். "வெத்தலையத் தூக்கி அவன் மூஞ்சில வுட்டெறி நைனா! மோசம் பண்ணிட்டான்யா!"

"கை பட்டுச்சிடா" என்றார் அப்பா.

"பட்டா?"

"எம்பாட்டனத் தொட்டதில்ல, எங்கப்பனத் தொட்டதில்ல. என்னத் தொட்டுக் குடுத்தாரு. தொட்டுக் குடுத்த மனுசங்கிட்ட எப்டிடா இல்லன்னு சொல்றது?"

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. தொடக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்தது யார்? அவர்களேதான். தள்ளிவைத்ததையே பிறகு ஒரு நாள் வரமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். திருடிக்கொண்டு போன பொருளைத் திருடனே கொண்டுவந்து கொடுத்து, அதற்கு நாம் அவன் காலில் விழுவது மாதிரி. என் அப்பாவுக்கு ஆண்டை ஒரு பிடி நிலம் கொடுத்திருந்தால்கூட அவர் இப்படி மயங்கியிருக்க மாட்டார்.

அப்பா வாக்குக் கொடுத்தபின் பிள்ளை தனியாக நிற்க முடியாது. விடிவதற்குமுன் அரிவாளை எடுத்தேன். வெளியே ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். காரியஸ்தரும் வந்துவிட்டார். எண்ணிப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க எங்க? கொட்டாய்ல சாணி மலையா கெடக்குது" என்றார்.

என் வீட்டுக்காரி பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எங்கையில ஆரு வெத்தல குடுத்தது?" என்றாள்.

"என்னா?"

"நா அண்டா தேச்சிகினு இருந்தேன். எங்கையில குடுத்தாங்களா? குடுத்ததப் பாத்த ஆளு இருந்தா சொல்லச் சொல்லு, வந்துர்றேன்."

"புருசன் வாங்குனா பொண்டாட்டி வாங்குன மாதிரிதான்மே!"

எதிர் வீட்டு அத்தை ஒருத்தி, புருசன் செத்தவள், வாயாடி. அவள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "ஆமாமா! ஆண்டே மொட்டை அடிச்சிகினாரே, அவுரு பொண்டாட்டிக்கும் மொட்டைதானா? நா சரியா பாக்கலியே!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை வாசலுக்கு வாசல் பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. காரியஸ்தர் என் அப்பாவைப் பார்த்து, "மருமவள அடக்க மாட்டியா?" என்றார்.

அப்பா வாசலில் நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவ கேக்கறது வழக்கந்தான் சாமி. துண்டுல வுழுந்தா வூட்டுக்கே, கையில குடுத்தா அந்தக் கைக்கு மட்டுந்தான். அவ வாங்கல" என்றார்.

அவ்வளவுதான். வழக்கம் வழக்கம் என்றுதானே எங்களைக் கட்டினார்கள்? பெண்களைக் கட்ட வேண்டுமென்றால் அவர்கள் கையிலும் வெற்றிலை கொடுக்க வேண்டும். அடுத்தவன் பெண்டாட்டி கையை ஆண்டை தொட்டுக் கொடுக்க முடியுமா? ஊர் சிரிக்கும். ஆண்டையின் பெண்டாட்டியோ எங்கள் பெண்களைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்றிருப்பவர். கடைசியில் பழைய முறத்தையே அனுப்பினார்கள். கொண்டுவந்தவன் புளியமரத்தடியில் முறத்தை வைத்துக்கொண்டு உச்சிப்பொழுதுவரை உட்கார்ந்திருந்தான். ஒருத்தியும் முந்தானையை விரிக்கவில்லை. அவன் முறத்தை வைத்துவிட்டு எங்கேயோ போனான், வெள்ளாடுகள் வந்து வெற்றிலையைத் தின்றன. நாங்கள் மேட்டுக்கொல்லையில் குனிந்து அறுத்துக்கொண்டே அதைப் பார்த்தோம்.

அறுப்பு நடந்தது, களம் நடந்தது, எல்லாம் பழைய கணக்குப்படி. ஆனால் கொட்டகைக்கு எங்கள் தெருப் பெண்கள் அதற்குப்பிறகு போகவில்லை. பெரிய வீட்டுப் பண்ணையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாரினார்கள்.

தோழர் சேலத்திலிருந்து திரும்பும்போது ரோட்டிலிருந்தே எங்களைக் கொல்லையில் பார்த்துவிட்டார். அப்பா அவரைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். அவர் நேராகத் தெருவுக்குப் போனார். என் வீட்டுக்காரி களி போட்டுக் கொடுத்தாளாம். அவர் தொடவில்லை.

"எல்லாம் போச்சுங்க. தோத்துட்டோம்" என்றாராம்.

"ஆரு தோத்தது? நா வூட்ல தான குந்திகினு இருக்கறேன்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார். நல்ல மனிதர், எங்களுக்கு விஷயம் சொன்ன மனிதர். அவர்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆண்கள் குனிந்ததைக் கண்டவருக்கு, பெண்கள் நிமிர்ந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமை இல்லை. பின்னால் கூட்டங்களில் யார் பேசினாலும் எங்கள் ஊரில் போராட்டம் தோற்றது என்றுதான் பேசினார்கள். எழுந்து நின்று மறுத்துச் சொல்ல எங்கள் பெண்களை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

இப்போது மகனுக்கு வருகிறேன். கொட்டகைக்குப் போகாமல் அடுப்படியில் அவள் மடியில் கிடந்து பிழைத்த பிள்ளை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி விழாவில் முதலாளி அவனுக்குக் கை கொடுத்தாராம். அதைப் போட்டோ எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினான். அதே மாதம் அந்தக் கம்பெனி ஒப்பந்த வேலைக்காரப் பிள்ளைகள், பாதிப்பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள், வேலை நிரந்தரம் கேட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நிரந்தர வேலையில் இருக்கிறவர்களை ஒருநாள் தங்களோடு வந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். இவன் போகவில்லை.

"ஏண்டா போவல?" என்றேன்.

"கை குடுத்த மனுசங்கிட்ட எப்டி நைனா?" என்றான்.

என் அப்பாவின் வாயிலிருந்து வந்த சொல். இவன் அப்போது தொட்டிலில் கிடந்தான், கேட்டிருக்கவே முடியாது.

அவன் அம்மா அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்வை மங்கிய கண்ணை வைத்து உற்றுப் பார்த்தாள். "ஏண்டா, கையில இன்னாடா வெச்சிக் குடுத்தாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா கை குடுத்தாரு."

"தாத்தனுக்காவது வெத்தல இருந்துச்சி" என்றாள் அவள், உள்ளே போய்விட்டாள்.

படம் இன்னும் அங்கேதான் மாட்டியிருக்கிறது. இதை எழுதுகிற மருமகள்தான் தினமும் துடைக்கிறாள். நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருகிறேன்.